நனையாத பக்கம்

மழை நாளில் பேனாவை நம்பக் கூடாது, பென்சில்தான் நல்லது. மை என்றால் ஒரு துளி பட்டாலும் பரவிவிடும். பென்சிலில் எழுதியது அப்படியில்லை. தாள் நனைந்து, காய்ந்து, மொடமொடத்துப் போனாலும் எழுத்து நிற்கும். நாற்பத்தொரு வருடம் கால்பந்து மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து எழுதியவன் சொல்கிறேன், நம்பலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் கொடுத்த அறுபத்துமூன்று குறிப்பேடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து நூலகத்தில் அடுக்குகிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். பழைய தாளைப் பொறுமையாகப் புரட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். இருபத்தெட்டாவது குறிப்பேட்டில் எல்லாத் தாளும் நூலால் தைத்திருக்க, ஒரு தாளை மட்டும் பசை போட்டு ஒட்டியிருக்கிறதே, ஏன் என்று. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நேரம் இருக்கிறது. என் மனைவி போன பிறகு வீட்டில் மிச்சமிருப்பது அதுதான்.

பதில் புரிய வேண்டுமானால் நான் வேலை செய்த விதம் தெரிய வேண்டும்.

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பு இரண்டு அணிச் செயலாளர்களும் தட்டச்சு செய்த பெயர்ப்பட்டியலைக் கொடுப்பார்கள். அதை மடித்துக் குறிப்பேட்டில் செருகிக்கொள்வேன். ஆட்டம் நடக்க நடக்க, யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார், யார் தடுத்தார், யார் வெளியே போனார் என்று பென்சிலில் எழுதுவேன். பட்டியலில் இருக்கும் ஒருவர் கடைசி நேரத்தில் ஆடாமல் போனால் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இதையெல்லாம் மையில் பெரிய பேரேட்டுக்கு மாற்றுவேன். கோலும் நிமிடமும் பென்சில் பக்கத்திலிருந்து. பெயர்கள், படிக்கச் சுலபம் என்பதால் தட்டச்சுப் பட்டியலிலிருந்து. ஓரக் குறிப்பு இருந்தால் அதன்படி திருத்தி. இதுதான் முறை. பிறகு கட்டுரை எழுதும்போது பேரேட்டைத்தான் பார்ப்பேன். பென்சில் நோட்டை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

குறிப்பேடுகளை என் மனைவி தைத்துக் கொடுப்பாள். கடையில் விற்பது மைதானத்துக் காற்றுக்குத் தாங்காது என்று சொல்லி, தாள்களை இரண்டாக மடித்து, நடுவில் மெழுகு தடவிய நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டுத் தருவாள். அறுபத்துமூன்றில் முதல் முப்பத்தொன்றும் அவள் கைவேலை. மீதி கடையில் வாங்கியவை. அதையும் கவனித்திருப்பீர்கள்.

நான் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தவன். விளையாட்டுப் பக்கத்தில் கோல் கணக்கு தப்பாக வருவதைப் பார்த்து மனசு கேட்காமல் நானே எண்ணத் தொடங்கினேன். ஆறு வருடத்தில் வாரம் ஒரு பத்தி தந்தார்கள். அதன் அடியில் ஒரு வரி தவறாமல் வரும்: 'இதில் தவறு கண்டுபிடிப்பவருக்கு ஒரு பேனா பரிசு.' ஆசிரியர் விளையாட்டாகப் போட்டது. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பேனா ஒன்று, பெட்டியோடு, என் மேசை இழுப்பறையில் இருந்தது. பல வருடம் அது அங்கேயே இருந்தது. வாசகர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் விளையாட்டை வைத்துத்தான் வேலைக்குப் போனார்கள். இத்தனை ஆட்டம் ஆடினார், இத்தனை கோல் போட்டார் என்று சான்று வேண்டும். கால்பந்துச் சங்கத்தில் ஆவணம் எதுவும் ஒழுங்காக இல்லை. ஆகவே என் பேரேட்டைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டுத் தருவது வழக்கமாயிற்று. அந்தக் காகிதத்தைக் காட்டி முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வேலையில் சேர்ந்தார்கள். ஒருவரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. சின்னச் சின்ன நல்ல காரியங்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. காலையில் பிரார்த்தனை செய்யாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் இல்லை.

நூற்பாலை அணியில் ஒரு கோல்காப்பாளன் இருந்தான். எல்லோரும் 'பூட்டு' என்பார்கள். நெட்டையான ஆள், நீளக் கை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தால் திறக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். கோல் விழுந்துவிட்டால் எதிரணிக் கூட்டம், "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சுடா, எண்ணெய் விடுங்கடா" என்று கத்தும். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆலையில் நூல்கண்டு பிரிவில் வேலை. என்னைவிடப் பதினாறு வயது இளையவன். அண்ணே, அண்ணே என்று என்னிடம் மட்டும் வந்து தன் கணக்கைக் கேட்பான். "ஒண்ணு கூடப் போட்டுட்டீங்களோன்னு பார்க்கிறேன்ணே. பேனா எனக்குத்தான்" என்பான்.

ஒரு நாள் நல்ல மழை. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கூரைக்கு அடியில் ஓடிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்துக் கோல் தெரியாது என்று நான் மட்டும் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவன் எங்கிருந்தோ ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். குடையை என் தலைக்குப் பிடிக்கவில்லை, குறிப்பேட்டுக்குப் பிடித்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் கை மாற்றாமல் பிடித்தான். அவன் இடது தோளும் என் வலது தோளும் தெப்பலாக நனைந்தன. தாளில் ஒரு துளி விழவில்லை.

"நான் நனைஞ்சா காஞ்சிருவேன்ணே. நோட்டு நனைஞ்சா அத்தனை பேர் பொழப்பும் நனைஞ்சிரும்" என்றான்.

"குடைக்குள்ள கோல் விழாம பார்த்துக்க" என்றேன் நான்.

இப்படி ஒரு சின்ன உதவி. அந்த வாரம் முழுக்க என் மனைவியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். குடையை மறக்கவில்லை. அது எந்த ஆட்டம் என்பதை மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பேச்சு கிளம்பியது. துறைமுக அணியின் தலைவர் ஆட்டங்களை விலைக்கு வாங்குகிறார், கடைசி நிமிடங்களில் எதிரணி விட்டுக்கொடுக்கிறது என்று. டீக்கடையில், பேருந்தில், எங்கும் அதே பேச்சு. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, ஊரே பேசுது. உன் நோட்டு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது?"

"நோட்டு வதந்தி பேசாதுங்க."

"வதந்தி வேணாம். எண்ணு பேசட்டும். கடைசிப் பத்து நிமிஷத்துல துறைமுகத்துக்கு யாரு எத்தனை கோல் விட்டான்? அதை மட்டும் போடு."

போட்டேன். துறைமுகத்தோடு ஆடிய எட்டு அணிகளின் கோல்காப்பாளர்களையும் பேரேட்டில் எடுத்துப் பார்த்தேன். ஏழு பேர் கணக்கில் விசேஷம் எதுவும் இல்லை. பூட்டின் கணக்கு தனியாக நின்றது. மூன்று வருடத்தில் மற்ற அணிகளுடன் முப்பத்தெட்டு ஆட்டம். கடைசிப் பத்து நிமிடத்தில் விட்ட கோல் ஐந்து. துறைமுக அணியுடன் ஐந்தே ஆட்டம்; விட்ட கோல் ஆறு. அந்த ஆறில் நான்கு ஒரே ஆட்டத்தில், ஆறுக்கு ஒன்று என்று தோற்ற ஆட்டத்தில் விழுந்தவை.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கட்டுரையைத் தேடிப் பாருங்கள், ஒரு கடுமையான சொல் இருக்காது. எண்களை வரிசையாக வைத்துவிட்டு, இதற்கு விளக்கம் இருக்கலாம் என்று முடித்திருந்தேன். 'பூட்டைத் திறந்தது யார்?' என்ற தலைப்பு ஆசிரியர் வைத்தது.

பத்து நாளில் சங்கம் விசாரணை வைத்தது. ஆலையில் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருந்த அணிப் படத்தில் அவன் முகத்தின் மேல் யாரோ பசை போட்டுக் காகிதம் ஒட்டியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. அன்று பிரார்த்தனையில் அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். என் மனைவி டீ கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, அந்த ஆறு கோல் ஆட்டம் நான் ஆடவே இல்லைண்ணே."

"பட்டியல்ல உன் பேருதானப்பா இருக்கு."

"பட்டியல்ல இருக்கும்ணே. ஆட்டத்துக்கு முன்னாடி பயிற்சியில விரல் பிசகிப் போச்சு. பட்டறையில வேலை பார்க்கிற ஒரு ஆளை என் சட்டையைப் போட்டு நிக்க வெச்சாங்க. அவன் பேரு சங்கத்துல பதிவே ஆகலை. அதனால பட்டியலை மாத்தலை. மழையில நடுவரும் அடையாள அட்டையைப் பார்க்கலை. நான் உங்க பக்கத்துலதானண்ணே உக்காந்திருந்தேன்."

நான் அலமாரியில் இருந்த குறிப்பேடுகளைப் பார்த்தேன்.

"குடை பிடிச்சேனேண்ணே."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இதை விசாரணையில சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். எங்க டீம் மேனேஜர் என் மூஞ்சியைப் பார்க்காமலே, 'இவன்தான் ஆடினான்'னுட்டார். பதிவில்லாத ஆளை ஆட வெச்சோம்னு ஒத்துக்கிட்டா அணிக்கே ரெண்டு வருஷம் தடைண்ணே. அவரு என்ன பண்ணுவாரு. அந்தப் பட்டறை ஆளும் வெளிநாடு போயிட்டான். இனி உங்க பென்சில் நோட்டு ஒண்ணுதான் பாக்கி. நீங்க எழுதாம இருந்திருக்க மாட்டீங்க." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "பேனா வேணாம்ணே. பேரு திரும்பினா போதும். எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது."

பார்க்கிறேன் என்றேன். அவன் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைக்கப் போனான். என் மனைவி அதை வாங்கிக்கொண்டாள்.

அவன் போனதும் இருபத்தெட்டாவது குறிப்பேட்டை எடுத்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. பக்கம் வெள்ளையாக, சுருக்கம் இல்லாமல் இருந்தது. ஓரத்தில் என் கையெழுத்து: 'பூட்டு ஆடவில்லை. விரல். பட்டறை ஆள் நிற்கிறான். குடை: பூட்டு.'

ஞாயிற்றுக்கிழமை பேரேட்டுக்கு மாற்றும்போது நான் ஓரத்தைப் பார்க்கவில்லை. அன்று என் மைத்துனர் வந்திருந்தார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று காரணம் சொல்லலாம். அவர் எல்லா ஞாயிறும்தான் வருவார்.

அந்த ஆட்டத்தைக் கழித்துக் கணக்குப் போட்டேன். துறைமுக அணியுடன் நான்கு ஆட்டம். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல். அதில் விசேஷம் எதுவும் இல்லை. கட்டுரையே இல்லை.

இங்கே நீங்கள் என்னைப் பற்றி அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. நான் நிதானமாக யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். என் பேரேட்டில் ஒரு ஆட்டத்தின் கோல்காப்பாளர் பெயரே தப்பு என்று நானே எழுதினால், அடுத்த கேள்வி என்ன? வேறு எங்கெல்லாம் தப்பு என்பதுதானே. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் என் கையெழுத்தை வைத்து வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள். வேண்டாதவன் ஒருவன் கிளப்பிவிட்டால் அத்தனை சான்றும் சந்திக்கு வரும். ஒரு பக்கம் ஒருவன். இன்னொரு பக்கம் முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பம். எண்ணுகிறவன் என்ன முடிவுக்கு வருவான்? கடவுளிடமும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வது எங்கள் பத்திரிகை வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்ததும், சவரப் பிளேடால் அந்தத் தாளைத் தையலோடு ஒட்டி அறுத்தெடுத்தேன்.

தைத்த நோட்டில் ஒரு தாளை அறுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் வேலையில் இருப்பவருக்குத் தெரியும். மடித்துத் தைத்த தாள் அல்லவா, அதன் மறுபாதி அந்தப் பக்கம் பிடிப்பில்லாமல் நிற்கும். எனக்கு அது தெரியாது. சாயங்காலம் என் மனைவி மேசையைத் துடைக்கும்போது நோட்டை எடுக்க, அந்த மறுபாதித் தாள் நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். நோட்டைத் திறந்து, நூலை விரலால் தடவிப் பார்த்தாள். அறுத்த விளிம்பு அவளுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"ஒரு தாளை எடுத்தா எதிர்த்தாளும் நிக்காதுங்க" என்றாள். தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

நான்தான் பசை போட்டு ஒட்டினேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அதற்குப் பிறகு அவள் எனக்கு நோட்டுத் தைக்கவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். அதே வாரம் என் சட்டைப் பொத்தானுக்கு ஊசியில் நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட ஆட்டத்தின் மூலக் குறிப்பைச் சமர்ப்பிக்க இயலுமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் எழுதினேன். 'அன்று பலத்த மழை. அந்தப் பக்கத்தின் எழுத்து நனைந்து கரைந்துவிட்டபடியால் அகற்ற வேண்டியதாயிற்று.' பென்சில் எழுத்து மழையில் கரையாது என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த ஒருவன் அந்தப் பதிலை எழுதியவன்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஆயுள் தடை என்று முடிவாயிற்று. அதற்கு மேல் சும்மா இருக்க என் மனசு கேட்கவில்லை. சங்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. போய்ப் பேசினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஐந்து வருடமாகக் குறைக்கிறோம், ஆலையிலும் காவல் வேலைக்காவது சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். அந்தக் கடிதத்தை எழுத யாருக்குத் தெரியும், அவனுக்கா? நானே எழுதினேன். நல்ல நடையில், தலை குனியாத மாதிரி, அழகாக எழுதினேன். எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. கோப்பைப் படங்களைக் கழற்றியிருந்தார்கள். அவன் மனைவி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அவன் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். "செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிண்ணே எழுதிக் கொடுக்கறது?"

"ஊர் வாயை மூட வேற வழியில்லப்பா. அஞ்சு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"நோட்டுல நிஜமாவே ஒண்ணும் இல்லையாண்ணே?"

"நனைஞ்சு போச்சு."

அவன் தன் இடது கையைத் தூக்கி, குடை பிடிப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அதையே பார்த்தான்.

"நல்லாத்தான் பிடிச்சேன்னு நெனைச்சேன்" என்றான். "எங்கேயோ சாய்ச்சிட்டேன் போல. என் மேலதாண்ணே தப்பு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

என்னிடம் பேனா கேட்டான். சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடியை ஒழுங்காகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் அப்படிச் சொன்னபோது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவன் மனைவி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், குடித்தேன், அது உள்ளே போய்விட்டது.

நூற்பாலையில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லிப் பனிக்கட்டி ஆலையில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல வீடு தேடி வந்தான். அவன் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு நான் கடிதம் கொடுத்தேன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள், போயும் வந்தாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவனைக் கைவிடவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடைக்காலம் முடிந்தபோது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பனிக்கட்டி தூக்கித் தூக்கி விரல்கள் மடங்காமல் போயிருந்தன. அவன் பிறகு மைதானத்துப் பக்கம் வரவில்லை. என் மனைவி மூன்று வருடம் முன்பு போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாட்டில், மருந்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் இந்த வருடம் கோடையில் இறந்தான். பத்திரிகையில் நான்தான் நாலு வரி எழுதினேன். 'ஒரு தவறு செய்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது' என்று எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

சென்ற மாதம் அவன் மகள் வந்திருந்தாள். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டு வாங்கியிருக்கிறாள். இன்னும் சுவரில் மாட்டவில்லையாம்.

"நான் பன்னெண்டு வயசுல இருந்து அப்பாகிட்ட சரியாப் பேசினதில்லை பெரியப்பா. அந்தக் கடிதத்தைப் பத்தி ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டா பொய் சொல்லிருவாரோன்னு பயந்து கேட்கவே இல்லை. நீங்க எல்லாத்தையும் எண்ணி வெச்சவரு. நீங்க சொல்லுங்க. அப்பா செஞ்சாரா?"

நான் அவள் தலையில் கை வைத்தேன். "மனுஷன்னா தவறு வரும்மா. அப்பாவை மன்னிச்சிடு" என்றேன்.

அவள் அழுதாள். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் மனசு லேசாச்சு. படத்தை மாட்டிடறேன்" என்றாள். போகும்போது வாசலில் கிடந்த என் செருப்பைத் திருப்பி, நான் காலை விடச் சுலபமாக வைத்துவிட்டுப் போனாள். அப்படியே அவள் அப்பன்.

செருப்பைப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டு நாள் வெளியே போகவில்லை. பிறகு உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்காவிட்டாலும் நானே எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் அவன் கோல் காக்கவில்லை. அவன் எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை. என் பேரேடு தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகு தாளை அறுத்தவன் நான். மழை கரைத்தது என்று எழுதியவன் நான். அவன் செய்யாத குற்றத்தை அவன் வாயால் ஒப்புக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தவனும் நான். அவன் மகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். எனக்கு எழுபத்துநான்கு வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. நீங்கள் சொன்னால் பக்குவமாகச் சொல்வீர்கள் என்று தோன்றுகிறது.

இத்துடன் ஒரு பேனா வைத்திருக்கிறேன், பெட்டியோடு. தவறு கண்டுபிடிப்பவருக்குப் பேனா என்பது விதி. நாற்பத்தொரு வருடத்தில் இதை வாங்குகிற முதல் ஆள் நீங்கள்தான்.

அறுத்த தாளையும் வைத்திருக்கிறேன். குறிப்பை அழிப்பது பாவம் என்று பட்டதால் அதைக் கொளுத்தவில்லை. என் பிரார்த்தனைப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். தினமும் காலையில் அதன் மேல்தான் கை கூப்பினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேற்று எழுதியது போல இருக்கும். எத்தனை மழைக்காலம் போயிருக்கிறது, வீட்டுக் கூரை எத்தனை தரம் ஒழுகியிருக்கிறது. அவன் காப்பாற்றிக் கொடுத்த பக்கம் அல்லவா, இத்தனை வருடமும் அதில் ஒரு துளி படாமல் பார்த்துக்கொண்டேன்.